இன்ட்ராமுரல் சாக்கரில் சிவப்பு அட்டை, ஆபீசுக்கு வரச்சொல்லி மெயில்: விசாவுக்கு ஆபத்தா?

சத்துவாச்சாரி பையன்:

வணக்கம். அவசரம், யாராவது கொஞ்சம் சீக்கிரம் பதில் சொல்லுங்கள். ஆகஸ்டில்தான் எம்.எஸ். படிக்க அமெரிக்கா வந்தேன். இங்கே காலேஜுக்குள்ளேயே நடக்கிற இன்ட்ராமுரல் சாக்கர் லீக்கில் நம்ம பசங்க சேர்ந்து ஒரு டீம் போட்டோம். ஆன்லைனில் பேர் பதிந்தது நான் என்பதால் கேப்டன் என்று என் பேரே விழுந்துவிட்டது. ஞாயிறு ராத்திரி மேட்சில் சறுக்கிப் போய்ப் பந்தை எடுத்ததற்கு சிவப்பு அட்டை காட்டி வெளியே அனுப்பிவிட்டார்கள், கொஞ்சம் வாக்குவாதமும் ஆயிற்று. இன்று காலை மெயில் வந்திருக்கிறது. கேப்டனும் அந்த ஆட்டக்காரரும் நேரில் வந்து பேச வேண்டுமாம், ஸ்போர்ட்ஸ்மேன்ஷிப் மார்க் 1 என்று போட்டிருக்கிறார்கள். அடுத்த மேட்ச் வியாழன். இது எஃப்-1 விசாவைப் பாதிக்குமா? வெளிநாட்டு மாணவர்களுக்கான அரசுப் பதிவேடு சீவிஸில் ஏறிவிடுமா? கல்விக் கடன் எடுத்து வந்திருக்கிறேன், நைனாவிடம் இன்னும் சொல்லவில்லை. தூக்கம் வரவில்லை.

காட்பாடி ஜங்ஷன்:

தம்பி, முதல் செமஸ்டரிலேயே பந்தாட்டம் எதற்கு? நான் வந்தது 2009, வேலைச் சந்தை படுத்துக் கிடந்த நேரம். கார் இல்லை, கார் உள்ள சிநேகிதனும் இல்லை. 20 பவுண்டு அரிசி மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு பனியில் பஸ் ஸ்டாப்பில் நிற்பேன், கையுறை வாங்கக் காசு பார்த்துக்கொண்டு சாக்ஸைக் கையில் மாட்டியிருந்தேன். நம்ம ஊர் வெயிலில் வளர்ந்த உடம்பு, என்ன பாடு பட்டிருக்கும் யோசி. ஜிபிஏ 3க்குக் கீழே போனால் பெரும்பாலான இடங்களில் புரொபேஷன். அதைப் பார். பந்து எங்கேயும் ஓடிப்போகாது.

ஆம்பூர் அக்கா:

முதலில் ஒன்று கேட்கிறேன், யாருக்காவது அடிபட்டதா? அதைச் சொல்லவே இல்லையே. பேர் பதியும்போது ஒரு வெய்வரில் டிக் போட்டிருப்பாய், படிக்காமல் எல்லோரும் போடுவதுதான். அடிபட்டால் செலவு உன்னுடையது, காலேஜ் கொடுக்காது என்பதுதான் அதில் இருக்கும். கணுக்கால் பிசகியது என்று என் வீட்டுக்காரர் நேராக எமர்ஜென்சிக்குப் போய் ஒரு எக்ஸ்ரே எடுத்தார். வந்த பில்லை எங்கள் மாமியாரிடம் ரூபாயில் மாற்றிச் சொன்னோம், "இதுக்கு சி.எம்.சி.யில் பிளைட்ல வந்து காட்டிட்டுப் போயிருக்கலாமே" என்றார். சின்ன அடி என்றால் கேம்பஸ் ஹெல்த் சென்டர், அது மூடியிருந்தால் அர்ஜென்ட் கேர் கிளினிக். எலும்பு துருத்திக்கொண்டு வருவது, தலையில் அடிபட்டு வாந்தி வருவது மாதிரிப் பெரிய அடி என்றால்தான் எமர்ஜென்சி. உன் இன்ஷூரன்ஸில் டிடக்டபிள், அதாவது அவர்கள் கொடுக்கத் தொடங்கும் முன் நீ கட்ட வேண்டிய தொகை, எவ்வளவு என்று இன்றைக்கே பார்த்து வை.

குடியாத்தம் டு ஜெர்மனி:

இங்கே மாணவர்கள் வருஷத்துக்கு 140 முழு நாள் வேலை செய்யலாம், 2024 மார்ச்சில்தான் 120இலிருந்து ஏற்றினார்கள். ஆட்டத்தில் நேரம் போக்குவதற்குப் பதில் பார்ட் டைம் தேடலாமே.

ராணிப்பேட்டைவாசி:

அவர் அமெரிக்காவில் இருக்கிறார் அண்ணா, கேட்டது சிவப்பு அட்டை.

தம்பி, இன்ட்ராமுரலில் சறுக்குகிறது அறவே கிடையாது. பந்து மட்டும் பட்டாலும் சரி, ஆள் பக்கத்திலேயே இல்லாவிட்டாலும் சரி, சறுக்கினால் ஃபவுல்தான். டிவியில் பார்க்கிற ஃபிஃபா விதி வேறு, இது வேறு. எங்கள் காலேஜில் 7 பேர் ஆட்டம், பாதிக்கு 20 நிமிஷம், கடிகாரம் நிற்காது.

வாணியம்பாடி லெஃப்ட் விங்:

எல்லா இடத்திலும் அப்படி இல்லை. எங்களிடம் 11 பேர் ஆடுகிற வெளி மைதான லீக்கில் சறுக்கலாம், உள்ளரங்கில்தான் கூடாது. அதனால் அட்டையே தப்பாகக்கூட இருக்கலாம், அதை எதிர்த்து புரொட்டஸ்ட் போடு. ரெஃப், அதான் நடுவர், யார் தெரியுமா? மணிக்கூலிக்கு வருகிற செகண்ட் இயர் பையன். எங்களுக்கு வந்தவனுக்கு ஆஃப்சைடே தெரியவில்லை, ஒரு மேட்ச் முழுக்க ஒரு தடவை கூடக் கொடியைத் தூக்கவில்லை.

ராணிப்பேட்டைவாசி:

7 பேர் ஆட்டத்தில் நிறைய இடங்களில் ஆஃப்சைடே இல்லை அண்ணா. கொடி பிடிக்கிற ஆளும் கிடையாது.

வாணியம்பாடி லெஃப்ட் விங்:

அப்புறம் அது என்ன ஃபுட்பால்? கோட்டை மைதானத்தில் நாலு செங்கல்லை நட்டு வைத்து, ஒரு பக்கம் கிரிக்கெட், ஒரு பக்கம் ஸ்கூட்டர் பழகுகிற ஆள், நடுவில் நாம். ரெஃப் கிடையாது, கார்டு கிடையாது, சண்டை வந்தால் அங்கேயே தீர்த்துக்கொண்டு சேர்ந்து டீ குடித்துவிட்டு வருவோம். இங்கே ஒரு மேட்ச் ஆட ஐடி கார்டு, வெய்வர், ஆன்லைன் வினாடி வினா, முன்காலுக்குக் காப்பாக ஷின் கார்டு, டீமுக்கு ஒரே நிறத்தில் சட்டை, அதற்குமேல் நல்ல பிள்ளையாக நடந்துகொண்டதற்கு மார்க் வேறு. எல்.கே.ஜி.யா இது?

காட்பாடி ஜங்ஷன்:

இந்த ஊரில் எல்லாவற்றுக்கும் ஒரு ஃபார்ம். நான் வந்த புதிதில் வாடகை வீட்டில் ஆணி அடிக்க எழுத்தில் அனுமதி கேட்கச் சொன்னார்கள்.

ஆம்பூர் அக்கா:

பிரியாணி செய்தால் புகை அலாரம் அடிக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. கத்திரிக்காய் இல்லாமல் பிரியாணி சாப்பிட வைத்துவிட்டது இந்த நாடு. இங்கே கிடைக்கிறது சுரைக்காய் சைஸில் இருக்கிறது, நம்ம இலவம்பாடி முள் கத்திரி மாதிரி எண்ணெயில் குழைந்து வருமா?

குடியாத்தம் டு ஜெர்மனி:

இங்கே ஞாயிற்றுக்கிழமை கடையே திறக்க மாட்டார்கள் அக்கா.

ஆரணி பட்டு:

அவன் தூக்கம் வரவில்லை என்று எழுதியிருக்கிறான், நீங்கள் கத்திரிக்காயில் இருக்கிறீர்கள்.

தம்பி, நான் படிக்கும்போது இங்கே காலேஜ் விளையாட்டு ஆபீசான ரெக் சென்டரில் இன்ட்ராமுரல் சூப்பர்வைசராக வேலை பார்த்தேன், இந்த மாதிரி மெயிலை அனுப்புகிற பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் நீ முக்கியமானதையே எழுதவில்லை. வெளியே போனது நீயா, வேறு ஆளா? மெயில் ரெக் சென்டரிலிருந்து வந்ததா, ஒழுங்கு நடவடிக்கை எடுக்கிற ஸ்டூடன்ட் கான்டக்ட் ஆபீசிலிருந்தா? ரெஃப் மேல் யாராவது கை வைத்தார்களா? இதற்குப் பதில் தெரியாமல் விசாவைப் பற்றிப் பேசுவது வீண்.

சத்துவாச்சாரி பையன்:

அக்கா நன்றி. மெயில் ரெக் சென்டர். கை யாரும் வைக்கவில்லை, கத்தினதோடு சரி. வெளியே போனது நான் இல்லை, என் ரூம்மேட். அவனும் இங்கேதான் படிக்கிறான், ஆனால் ரோஸ்டரில், அதாவது டீம் பட்டியலில், ஆள் சேர்க்கிற தேதி முடிந்துவிட்டதால் வராத இன்னொரு பையனுடைய ஐடி கார்டைக் காட்டி உள்ளே வந்தான். மெயிலில் அந்த இன்னொரு பையன் பேர்தான் இருக்கிறது. அவனுக்கும் தனியாக மெயில் போயிருக்கிறது, அவன் இப்போது என்னைக் கூப்பிட்டுத் திட்டுகிறான்.

ராணிப்பேட்டைவாசி:

இதை இப்போதுதான் சொல்வதா!

ஆரணி பட்டு:

சரி, இப்போது விஷயம் வேறு. சறுக்கினது, அட்டை, கத்தினது எல்லாம் சின்ன விஷயம். கார்டு மாற்றினதுதான் பெரிசு.

முதலில் விசா. சீவிஸில் இருப்பது நீ எங்கே, என்ன படிக்கிறாய், முழு நேரமாகப் பதிந்திருக்கிறாயா, முகவரி என்ன என்பதெல்லாம்தான். சிவப்பு அட்டைக்கு அதில் இடமே கிடையாது, காலேஜில் விசா விஷயம் பார்க்கிற எந்த டி.எஸ்.ஓ.வும் அதைப் போய் ஏற்ற மாட்டார். ஆபத்து வருகிற வழி சுற்று வழி. விஷயம் கான்டக்ட் ஆபீசுக்குப் போய், அவர்கள் பல்கலைக்கழகத்திலிருந்தே சஸ்பெண்ட் செய்தால், வகுப்பில் பதிய முடியாது. பதிய முடியாவிட்டால்தான் எஃப்-1 ஆடும். சறுக்கினதற்கு யாரையும் அங்கே அனுப்ப மாட்டார்கள். பொய் ஐடி, ரெஃபை அடிப்பது, விசாரணையில் மறுபடி பொய், இவைதான் அங்கே போகிற சமாச்சாரம். உன் டீமில் முதலாவது ஏற்கெனவே நடந்துவிட்டது, மூன்றாவது உன் கையில் இருக்கிறது.

அதனால் மூணு பேரும் சேர்ந்து போங்கள், கார்டு கொடுத்த பையனும்தான், ஏனென்றால் இன்றைய கணக்கில் வெளியே அனுப்பப்பட்டவன் அவன். உள்ளே போனதும் முதல் வாக்கியமாக உண்மையைச் சொல்லிவிடு: ஆடினது இவன், கார்டு அவனுடையது. அவர்கள் கண்டுபிடித்த பிறகு சொல்வதற்கும் நீயாக வந்து சொல்வதற்கும் அந்த மேஜைக்குப் பின்னால் நிறைய வித்தியாசம் உண்டு. ரோஸ்டரில் இல்லாதவன் ஆடிய மேட்ச் தோல்வியாகக் கணக்காகும், அந்த ரெண்டு பேரும் மீதி சீசன் உட்கார வேண்டியிருக்கலாம். அதை வாங்கிக்கொண்டு வா.

புரொட்டஸ்ட் என்று ஒருவர் மேலே சொல்லியிருக்கிறார், போடாதே. ஃபவுலா இல்லையா என்பது ரெஃபின் தீர்ப்பு, அதற்கு புரொட்டஸ்ட் செல்லாது. விதியைத் தப்பாகப் பயன்படுத்தினதற்கும், ஆடத் தகுதியில்லாத ஆள் ஆடினதற்கும்தான் அது. விதி விஷயத்தைப் பெரும்பாலும் அந்த இடத்திலேயே, ஆட்டம் மறுபடி தொடங்குவதற்கு முன் கேப்டன் சொல்லியாக வேண்டும். தவிர, தகுதியில்லாத ஆள் உன் பக்கம், நீ புரொட்டஸ்ட் போடப் போனால் சிரிப்பார்கள்.

சறுக்கலாமா கூடாதா என்று ரெண்டு பேர் மேலே சண்டை போட்டார்களே, ரெண்டு பேரும் சரி. ஒவ்வொரு காலேஜும் தன் விதியைத் தானே எழுதிக்கொள்கிறது. உன் லீக் பக்கத்தில் பிடிஎஃப் இருக்கும், சீசன் தொடங்கும்போது மெயிலிலும் அனுப்பியிருப்பார்கள். அதை இன்றைக்கு ராத்திரி படி. குறைந்தது எத்தனை பேர் இருந்தால் மேட்ச் தொடங்கலாம், லேட்டாக வந்தால் எத்தனை நிமிஷம் பொறுப்பார்கள், கிளப் டீமில் ஆடுகிறவர்கள் எத்தனை பேரைச் சேர்க்கலாம், எல்லாம் அதில்தான். இன்னொரு காலேஜ்காரர் சொல்வதைக் கேட்டு மைதானத்துக்குப் போகாதே, என்னையும் சேர்த்துத்தான்.

ஸ்போர்ட்ஸ்மேன்ஷிப் மார்க் ஒரு சராசரி. நிறைய இடத்தில் 4க்குப் போடுவார்கள், பிளே-ஆஃப் போக 3 பக்கம் வேண்டும். உங்களுக்கு 1, அடுத்த ரெண்டு மேட்சில் 4, 4 வாங்கினால் கூட்டி 9, மூணால் வகுத்தால் சரியாக 3. முடிந்துபோன விஷயம் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்திருப்பவன், பார்க்க வந்த சிநேகிதன் கத்தினாலும் டீமுக்குத்தான் மார்க் குறையும். தமிழில் திட்டினால் ரெஃபுக்குப் புரியாது என்று நினைக்காதீர்கள், குரலும் கையும் போதும்.

இனி வியாழன். ஆள் சேராது என்று தெரிந்தால், வராமல் விடாதே. கெடுவுக்கு முன்னால் எழுதிச் சொல்லிவிட்டால் அது டீஃபால்ட், வெறும் தோல்வி. சொல்லாமல் வராமல் போனால் ஃபார்ஃபீட், பல இடங்களில் அதற்கு அபராதம் உண்டு, அது கேப்டனுடைய ஸ்டூடன்ட் அக்கவுண்டில், அதாவது காலேஜ் ஃபீஸ் கணக்கில், ஏறும். புதிதாக வந்த பசங்க கவனிக்காத இடம் இதுதான். கட்டாமல் விட்ட சின்னத் தொகை அக்கவுண்டில் ஹோல்டாக நிற்கும், அடுத்த செமஸ்டருக்கு கோர்ஸ் பதியப் போனால் சிஸ்டம் விடாது. சாக்கரால் விசாவுக்குப் பிரச்சினை வரும் என்றால் சிவப்பு அட்டையைவிட இந்த வழியில்தான் எனக்கு பயம். இப்போதே உன் அக்கவுண்டைத் திறந்து பார்.

வாணியம்பாடி லெஃப்ட் விங்:

புரொட்டஸ்ட் வாபஸ். ஆனால் ரெஃப் பற்றிச் சொன்னது சொன்னதுதான்.

ஆரணி பட்டு:

அந்த ரெஃப் வேலைக்கு நீங்களே போகலாம். கேம்பஸ் வேலை என்பதால் எஃப்-1இல் செமஸ்டர் நடக்கும்போது வாரம் 20 மணி நேரம் வரை செய்யலாம், பயிற்சி அவர்களே கொடுப்பார்கள், வேலைக் கடிதத்தை வைத்து சோஷியல் செக்யூரிட்டி எண்ணுக்கும் விண்ணப்பிக்கலாம். தம்பி, உனக்கும்தான் சொல்கிறேன், ஆனால் அடுத்த சீசனில் கேள். இந்த வாரம் போய்க் கேட்காதே.

சத்துவாச்சாரி பையன்:

அக்கவுண்ட் பார்த்தேன், ஹோல்டு எதுவும் இல்லை. ரெண்டு பேரிடமும் பேசிவிட்டேன். கார்டு கொடுத்தவன் வருகிறேன் என்கிறான், ரூம்மேட் யோசிக்கிறான். வராவிட்டாலும் நான் போய்ச் சொல்லிவிடுகிறேன். புதன் மூணு மணிக்கு நேரம் கேட்டிருக்கிறேன்.

இன்னும் ஒரு சந்தேகம். வியாழன் ஆட விட்டால், கையில் கோயில் கயிறு இருக்கிறது, எங்கள் கோல்கீப்பருக்குக் கடுக்கன். போன தடவை யாரும் கேட்கவில்லை.

ஆரணி பட்டு:

போன தடவை பார்க்கவில்லை, இந்தத் தடவை உங்கள் டீமை உற்றுப் பார்ப்பார்கள். கடுக்கனைக் கழற்றித்தான் ஆக வேண்டும், மேலே டேப் ஒட்டினால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். கயிறு பற்றிப் புதன்கிழமை போகும்போதே கேட்டுவிடு, மைதானத்தில் நின்றுகொண்டு கேட்காதே. ஷின் கார்டு எல்லோருக்கும் வேண்டும், சாக்ஸ் அதை முழுக்க மூட வேண்டும். இரும்பு முள் வைத்த பூட்ஸ் கூடாது. ஐடி கார்டு அவரவருடையது.

ஆம்பூர் அக்கா:

ஷின் கார்டு ரெக் சென்டரிலேயே இரவல் தருகிறார்களா கேள், சில இடத்தில் உண்டு. இல்லாவிட்டால் வால்மார்ட்டில் வாங்கு. டிடக்டபிள் பார்த்தாயா என்று கேட்டேன், அதற்கு இன்னும் பதில் வரவில்லை.