ஏஞ்சல் மீன் ஜோடி முட்டை வெக்குது, மறுநாளே வெள்ளையாகிடுது: எங்கே தப்பு?

செதிள்:
ஏஞ்சல் ஜோடி ஒண்ணு, தனித் தொட்டி. நீளம் 60 செ.மீ., அகலமும் உயரமும் 45 செ.மீ. கூட ஒரு ப்ளெக்கோ (பாசி தின்னுற உறிஞ்சுவாய் மீன்) மட்டும் இருக்கு. வெப்பம் 26 டிகிரி, பிஎச் 7.6, டிடிஎஸ் (தண்ணியில கரைஞ்ச உப்புகளோட அளவு) 420. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை தவறாம முட்டை வெக்குது. முட்டை வெக்கறதுக்குன்னு கற்பலகை சாய்ச்சு வெச்சிருக்கேன், அதைச் சீண்டறதே இல்லை. தொட்டிக்குள்ள இருக்கிற இன்டர்னல் ஃபில்டர் மேலதான் முட்டையை ஒட்டுது. மறுநாள் பாத்தா பாதிக்கு மேல வெள்ளை. மூணாம் நாள் விடியும்போது ஒண்ணுகூட இருக்காது. ஜோடியே தின்னுடுதுன்னு நினைக்கிறேன். முட்டையைத் தனியா எடுத்துப் பொரிக்க வெக்கணுமா, இல்ல தண்ணியை மாத்தணுமா?

நன்னீர்:
ரெண்டையும் தொடுவதற்கு முன், முட்டை எந்தக் கட்டத்தில் கெடுகிறது என்று பாருங்கள். டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்து லென்ஸ் வைத்துப் பார்த்தால் போதும்.

முதல் ஒரு நாளுக்குள் வெளுத்தால் அந்த முட்டை கருவுறவே இல்லை. அதை எங்கே எடுத்து வைத்தாலும் பொரியாது. ஒன்றரை நாளில் உள்ளே கரும்புள்ளி தெரிந்து, அதன் பிறகு வெளுத்தால் கரு உருவாகிச் செத்திருக்கிறது: பக்கத்து முட்டையிலிருந்து பூஞ்சை ஏறியிருக்கும், அல்லது வெப்பம் விழுந்திருக்கும், அல்லது மேலே நீரோட்டமே இல்லாமல் இருந்திருக்கும். தெளிவாக இருந்த முட்டைகள் ஒரே இரவில் காணாமல் போனால்தான் யாரோ தின்றார்கள் என்று அர்த்தம். வெள்ளை முட்டையைப் பெற்றோர் பொறுக்கித் தின்பது பராமரிப்பின் ஒரு பகுதி. அதைப் பார்த்துவிட்டு ஜோடி மேல் பழி போடுபவர்கள்தான் அதிகம்.

இன்னொன்று. இரண்டு பெண்கள் ஜோடி சேர்வது ஏஞ்சலில் சர்வ சாதாரணம். பலகையைச் சுத்தம் செய்யும், காவல் காக்கும், விசிறும், எல்லாம் முறைப்படி நடக்கும். அத்தனை முட்டையும் வெளுத்துப்போகும். முட்டை வைக்கும் நாளில் வயிற்றடியில் நீட்டும் குழாயைப் பாருங்கள். ஆணுக்கு மெல்லியது, கூர்முனை. பெண்ணுக்குத் தடித்தது, முனை மழுங்கியிருக்கும். உடலமைப்பு, நெற்றி மேடு இதையெல்லாம் நம்பாதீர்கள்.

உங்கள் விவரத்தில் எனக்கு உறுத்துவது ஃபில்டர்தான். தண்ணீர் வெளிவரும் வாய்க்குப் பக்கத்தில் முட்டை இருந்தால், ஆண் வந்து உரசும்போது விந்து முட்டையில் படியாமலே அடித்துக்கொண்டு போய்விடும். வெள்ளையானவை எந்தப் பக்கம் என்று பார்த்துச் சொல்லுங்கள்.

வாலாட்டி:
தனியாப் பொரிக்கணும்னா முறை இதுதான். 4 லிட்டர் கண்ணாடி ஜாடி, அதே தொட்டித் தண்ணி. முட்டை பலகையில ஒட்டியிருந்தா, பலகையை ஜாடிக்குள்ள தண்ணிக்கடியிலயே மாத்துங்க. ஜாடியைத் தொட்டியிலேயே கட்டித் தொங்கவிட்டா தனி ஹீட்டர் வேண்டாம், ஆனா தொட்டியை 28 டிகிரிக்கு ஏத்திடுங்க. ஏர் ஸ்டோன் (காத்துக் குமிழி விடுற கல்) பலகைக்குப் பக்கத்துல இருக்கணும். குமிழி முட்டை மேல நேரா மோதக்கூடாது, ஓரமா உரசிப் போகணும். மீன் துடுப்பால விசிறுற வேலையை அதுதான் செய்யுது.

பூஞ்சையைத் தடுக்க மெத்திலீன் புளூங்கிற நீல மருந்து: 1 சதவீதக் கரைசல்னா லிட்டருக்கு 0.2 மி.லி. (2 மி.கி. அளவு). 4 லிட்டருக்கு 0.8 மி.லி., சிரிஞ்சுல அளந்து விடுங்க. சொட்டுக் கணக்கு பாட்டிலுக்குப் பாட்டில் மாறும். ஜாடியில மட்டும்தான், பெரிய தொட்டியில ஊத்தினா ஃபில்டர்ல இருக்கிற நல்ல பாக்டீரியா அடிபடும். வெளுத்த முட்டையை தினம் ரெண்டு தடவை பிப்பெட்ல உறிஞ்சி எடுங்க.

28 டிகிரியில 48 முதல் 60 மணி நேரத்துல பொரியும். பொரிஞ்ச குஞ்சு நீந்தாது, தலையால பலகையில ஒட்டிக்கிட்டு வாலை மட்டும் ஆட்டும். அப்போதிருந்து தினம் பாதித் தண்ணி மாத்தி நீலத்தைக் குறைச்சுக்கிட்டே வாங்க. அடுத்த நாலஞ்சு நாள் வயித்துல இருக்கிற மஞ்சள் கருதான் சாப்பாடு, ஒண்ணும் போடாதீங்க. முக்கால்வாசிப் பேர் கெடுக்கிறது இங்கதான்: பசிக்குமேன்னு பவுடர் தூவுறது, தண்ணி கெடறது, மொத்தமும் போறது.

நீந்த ஆரம்பிச்ச அன்னைக்கே குஞ்சுக்குத் தீனியா ஆர்டீமியா (உப்புத்தண்ணியில வாழற இறால் மாதிரிக் குட்டி உயிரி) தயாரா இருக்கணும். அதோட முட்டையைப் பொரிக்க லிட்டருக்கு 25 கிராம் உப்பு, 28 டிகிரி, பலமாக் காத்து, லைட். 24 மணி நேரத்துல பொரியும். காத்தை நிறுத்திப் பத்து நிமிஷம் விட்டா ஓடு மேல மிதக்கும், பொரியாதது அடியில தங்கும், நடுவுல ஆரஞ்சு நிறத்துல இருக்கிறதை மட்டும் உறிஞ்சுங்க. ஓடு குஞ்சு வயித்துல அடைச்சுக்கும். நல்ல தண்ணியில அலசிட்டு, ஒரு நாளைக்கு மூணு நாலு தடவை கொஞ்சமாப் போடுங்க. குஞ்சோட வயிறு ஆரஞ்சாத் தெரிஞ்சா சாப்பிடுதுன்னு அர்த்தம்.

பாசிக்கல்:
ஜாடி முறை வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் முட்டையைப் பறித்தால் அந்த ஜோடி வளர்க்கப் பழகவே பழகாது. பெண்ணும் ஓய்வில்லாமல் மறுபடி மறுபடி முட்டை வைத்து மெலியும். முதலில் அந்த ப்ளெக்கோவை வெளியேற்றுங்கள். இருட்டில் ஏஞ்சலுக்குக் கண் தெரியாது, ப்ளெக்கோவுக்கு அதுதான் வேலை நேரம். மூன்றாம் நாள் விடியும்போது முட்டை மொத்தமும் காலி என்றால் என் சந்தேகம் அதன் மேல்தான். நத்தை இருந்தால் அதையும் எடுங்கள். முட்டை இருக்கும் இரவுகளில் தொட்டிக்கு மேல் மங்கலாக ஒரு விளக்கு எரியட்டும். மூன்று பக்கக் கண்ணாடியைக் காகிதத்தால் மறையுங்கள்.

தண்ணீர் பற்றி: 420 டிடிஎஸ் கொஞ்சம் அதிகம்தான். ஆனாலும் தொட்டியில் தலைமுறை தலைமுறையாக வளர்ந்த ஏஞ்சல் இந்தத் தண்ணீரிலும் பொரிக்கும். ராமிரெஸி, டிஸ்கஸ் மீன்கள் என்றால் கதை வேறு, அங்கே கடினநீரை முதலில் சந்தேகிக்கலாம். குறைத்தே ஆக வேண்டும் என்றால் ஒரு பங்கு உங்கள் தண்ணீர், இரண்டு பங்கு ஆர்ஓ (உப்பு நீக்கிச் சுத்திகரித்த தண்ணீர்): டிடிஎஸ் சுமார் 150 வரும். ஒரே நாளில் மாற்றாமல் இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாக இறக்குங்கள். முழுக்க ஆர்ஓ ஊற்றாதீர்கள். கேஎச் (கார்பனேட் கடினத்தன்மை) இல்லாத தண்ணீரில் பிஎச் நிற்காது.

மொச்சை:
இடையில ஒரு சந்தேகம். வாயிலயே அடைகாக்கிற எலக்ட்ரிக் எல்லோ மீன்ல, பெண் வாயில முட்டை வெச்சிருந்துட்டு ஒரு வாரத்துக்குள்ள விழுங்கிடுது. அதுக்கும் இதே காரணமா?

பாசிக்கல்:
பாதி. மூன்று நான்கு நாளில் விழுங்கினால் பெரும்பாலும் கருவுறாத முட்டை. அதற்கு மேல் போய் விழுங்கினால் ஆணின் துரத்தல், வலை போட்டுப் பிடித்தது, இரண்டில் ஒன்று. இளம் பெண் முதலிரண்டு தடவை இப்படிச் செய்வது வழக்கம். கற்குவியலைக் கூட்டுங்கள், ஓர் ஆணுக்கு மூன்று பெண்ணாவது இருக்கட்டும். பிடித்து மாற்றுவதென்றால் 15 நாள் தாண்டிய பிறகு, விளக்கணைத்து.

செதிள்:
நேத்து மறுபடி வெச்சுது. லென்ஸ்ல பாத்தேன். ஃபில்டர் வாய்க்குக் கீழ நாலு விரக்கடை வரைக்கும் எல்லாமே சுண்ணாம்பு மாதிரி வெள்ளை. அதுக்குக் கீழ இருக்கிறது தேன் நிறத்துல தெளிவா இருக்கு, சிலதுல கரும்புள்ளி தெரியுது. குழாய் ஒண்ணு கூர், ஒண்ணு மழுங்கல். ப்ளெக்கோவை எடுத்தாச்சு.

நன்னீர்:
அப்படியானால் ஆண் இருக்கிறது, விந்தும் சரி. நீரோட்டம்தான் கெடுத்திருக்கிறது. இந்த முட்டைகளை இப்போது அசைக்காதீர்கள், ஃபில்டரையும் நிறுத்தாதீர்கள். பெற்றோரே வெள்ளையைப் பொறுக்கட்டும். மங்கல் விளக்கு மட்டும் போடுங்கள்.

அடுத்த முட்டைக்கு முன் இன்டர்னல் ஃபில்டரைக் கழற்றிவிட்டு நீரோட்டம் மென்மையாக இருக்கும் ஸ்பாஞ்ச் ஃபில்டருக்கு மாறுங்கள். புது ஸ்பாஞ்சை இரண்டு மூன்று வாரம் பழையதோடு சேர்த்து ஓடவிட்ட பிறகே கழற்ற வேண்டும், இல்லையென்றால் அம்மோனியா ஏறும். செங்குத்தான ஒரே இடம் ஃபில்டர் என்பதால்தான் அதைத் தேர்ந்தெடுத்திருக்கின்றன. பலகையை இன்னும் நிமிர்த்தி, ஃபில்டருக்கு எதிர் மூலையில், மேல்முனை நீர்மட்டத்துக்கு ஒரு சாண் கீழே இருக்கும்படி வையுங்கள். அதையும் ஒதுக்கினால் 5 செ.மீ. பிவிசி குழாயை நட்டுவையுங்கள்.