பேண்ட் ஷோவில் மர ரைஃபிள் சுத்துறது: வெச்சுக்கலாமா, எடுத்துரலாமா?

நொய்யல்கரை
வணக்கமுங்க. திருப்பூர் பக்கம் ஒரு பள்ளிக்கூட பேண்டுக்கு கலர் கார்டு, அதாவது பேண்ட் வாசிக்கறப்ப கொடியும் மர ரைஃபிளும் சுத்தி ஆடற குழு, சேர்க்கிற வேலை நடக்குது. எட்டாவதுல இருந்து பதினொண்ணு வரைக்கும் 24 பிள்ளைக, ஆறு நிமிஷ ஷோ. 16 பேருக்குக் கொடி, 8 பேருக்கு வெள்ளை மர ரைஃபிள்னு திட்டம். கொடிக்கு யாரும் ஒண்ணும் சொல்லலை. ரைஃபிள்னதும் பெத்தவங்க கூட்டத்துல "பள்ளிக்கூடத்துல எதுக்குங்க துப்பாக்கி"ன்னு கேட்டுட்டாங்க. எடுத்துட்டா ஷோவுல என்ன குறையும்? வெச்சுக்கறதுன்னா எப்படிச் செய்யறது? ஆகஸ்ட் 15க்கும் ஸ்போர்ட்ஸ் டேக்கும் இதே ஷோதான் ஆடணும்கறாங்க.

ட்ரில்புத்தகம்
பட்டாளத்துல கொடி புடிக்கிறவனுக்கு ரெண்டு பக்கமும் ஆயுதத்தோட காவல் நிக்கிறவங்கதான் கலர் கார்டு. அமெரிக்காவுல முதல் உலகப் போருக்கு அப்பறம் முன்னாள் படைவீரர் சங்கங்க டிரம் கோர்ங்கற அணிவகுப்பு வாத்தியக் குழு நடத்துனப்ப அந்தக் காவலும் கூடவே வந்துச்சு. டிரம் கோர் போட்டி நடத்தற டிசிஐ அமைப்போட முதல் சாம்பியன்ஷிப் 1972ல, உள்ளரங்க கார்டுக்கான டபிள்யூஜிஐ அமைப்போட முதல் சாம்பியன்ஷிப் 1978ல. போகப் போகக் காவல் போயி நடனம் வந்துருச்சு. ரைஃபிளும் டிரிக்கரும் குழலும் இல்லாத வெள்ளை மரக்கட்டை ஆயிருச்சு. பேரு மட்டும் பழைய பேரு.

அங்கயும் இந்தக் கேள்வி ஓயலை. 2018 பிப்ரவரி 14ல ஃபுளோரிடா பார்க்லேண்ட் பள்ளிக்கூடத்துல சுட்டதுல 17 பேர் செத்தாங்க, அதுல ஒரு பிள்ளை அந்தப் பள்ளியோட வின்டர் கார்டுல, அதான் உள்ளரங்க கார்டுல, ஆடுனவ. அதனால "இது வெறும் கட்டைதானே"ங்கற பதில் கேக்கறவங்களுக்குப் பத்தாது. அந்தப் பெத்தவங்க கேட்டதுல தப்பில்லைங்க.

கம்புசுத்தி
ஏனுங்க, நம்மூர்லயே சிலம்பம் இருக்கறப்ப எதுக்கு அமெரிக்கக்காரன் கட்டை? மூணடிக் கம்பை வெள்ளைப் பெயின்ட் அடிச்சுக் குடுத்தாப் போகுது.

வெள்ளைடேப்
போகாதுங்கண்ணா. சிலம்பம் சிலம்பமாவே வரட்டும், அருமையா இருக்கும். ஆனா ரைஃபிள் இருந்த இடத்துல கம்பை வெச்சா மூணு விஷயம் போயிரும்.

மொதல்ல, கண்ணுக்குத் தெரியறது. ரைஃபிளுக்கு ஒரு பக்கம் அகலமான கட்டை, மறுபக்கம் ஒல்லி மூக்கு. அம்பது மீட்டருக்கு அக்கட்டால உக்காந்திருக்கறவங்களும் "ஒண்ணு, ரெண்டு"ன்னு சுத்தை எண்ணலாம். கம்புக்கு ரெண்டு முனையும் ஒண்ணு. அரைச் சுத்தா முழுச் சுத்தான்னே தெரியாது. அடுத்தது கனம். 36 அங்குல ரைஃபிள் ஒரு கிலோவுக்குச் சித்த கூட இருக்கும், அதே நீள மூங்கில் கால் கிலோ. கனம் இருந்தாத்தான் மேல நிதானமா சுத்தும். மூங்கில் விசிறியாட்டம் படபடன்னு சுத்தும், எட்டுப் பேரும் ஒரே வேகத்துல சுத்த வெக்கவே முடியாது. மூணாவது சத்தம். எட்டு உள்ளங்கை ஒரே நேரத்துல மரத்துல அறையற அந்த 'சட்'டு, டிரம் நின்ன இடத்துல விழுந்தா மைதானமே திரும்பிப் பாக்கும். கொடியில அது கிடைக்காது.

இன்னொண்ணு, காத்து. ஆடியில பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற காத்துல ஆறடிக் கம்புல 36க்கு 54 அங்குலத் துணியைக் கட்டி மேல எறிஞ்சா அது எந்தப் பக்கம் இறங்கும்னு சொல்ல முடியாது. ஆகஸ்ட் 15ல காத்து இன்னும் அடங்கியிருக்காது. அன்னைக்குக் கொடி டாஸை, அதான் மேல எறிஞ்சு புடிக்கறதை, எடுத்துட்டு சுத்து மட்டும் வெச்சுக்கங்க. எறியற வேலையை மரக்கட்டைக்குக் குடுக்கலாம், அதைக் காத்து அவ்வளவா தள்ளாது.

டாஸ் சொல்லித் தர்றப்ப எல்லாரும் பண்ற தப்பு, "இன்னும் ஒசரமா எறி"ங்கறது. உயரம் நேரத்தோட கணக்கு. 120 டெம்போவுல, அதாவது நிமிஷத்துக்கு 120 தட்டு, ரெண்டு கவுன்ட்னா ரெண்டு தட்டு, ஒரு நொடி. கைக்கு மேல நாலடி போனாப் போதும். மூணு கவுன்ட்னா ஒன்பது அடி. சுத்து ஒண்ணா ரெண்டாங்கறது மணிக்கட்டுல இருக்கு. ஒன்பது அடியில இருந்து இறங்கறப்ப அது மணிக்கு 26 கிலோமீட்டர் வேகத்துல வரும், அதனால எட்டாவது பிள்ளைகளுக்கு ரெண்டு கவுன்டுக்கு மேல வேண்டாம். கட்டை முன்னால ஓடுனா கையைச் சீக்கிரம் விட்டுட்டாங்கன்னு அர்த்தம், தலைக்குப் பின்னால போனா லேட்டா விட்டிருக்காங்க. புடிக்கறப்ப பெருவிரலை விரிச்சு வெச்சா மொளியில அடி விழும், அதான் அதிகமா நடக்கிற காயம். விரல் திறந்த சைக்கிள் கையுறை போதும். மொதல் ரெண்டு வாரம் டாஸே கிடையாது, டிராப் ஸ்பின், அதான் எறியாம கையிலயே சுத்தறது, மட்டும்.

பேட்டர்ன்கடை
செய்யற விஷயம் நான் சொல்றேன். பிளைவுட்ல வெட்டாதீங்க. மூக்கு நாலு தடவை தரையில மோதுனா அடுக்கடுக்காப் பிரிஞ்சுக்கும். தேக்கு கனம் கூடிப்போகும். மலைவேம்பு சரியா வரும், நல்லாக் காஞ்சதாப் பாத்து, முடிச்சு இல்லாத பலகை. பலகைத் தடிமன் ஒன்றே கால் அங்குலம். கோயமுத்தூர்ல வார்ப்படத்துக்கு மரப் பேட்டர்ன் அடிக்கிற பட்டறைகள்ல ஒரு அட்டை டெம்ப்ளேட் குடுத்தா எட்டையும் ஒரே அச்சா வெட்டித் தருவாங்க.

உடையற இடம் எப்பவும் ஒண்ணுதான்: கட்டை வளையற கழுத்து. இழை நேரா ஓடும், கழுத்து சாஞ்சு போகும், அதனால அந்த இடத்துல இழை அறுபட்டு நிக்கும். அங்க ரெண்டு பக்கமும் ஒட்டுப்பலகை வெச்சு பசை போட்டு, மேல ஃபைபர் டேப்பை இறுக்கிச் சுத்துங்க. எல்லா விளிம்பையும் பென்சில் பருமனுக்கு உருட்டி ராவிருங்க. எனாமல் பெயின்ட் வேண்டாம், வேர்வையில வழுக்கும். வெள்ளை எலெக்ட்ரிக்கல் டேப்தான், மூக்குலயும் அடியிலயும் நாலஞ்சு சுத்து கூட. சித்திரை வெயில்ல வண்டிக்குள்ள போட்டு வெச்சா டேப் பசை கசிஞ்சு பிசுபிசுன்னு ஆயிரும், நெழல்ல வையுங்க.

முடிச்சதும் ஒவ்வொண்ணையும் ஒரு விரல் மேல நிறுத்திப் பாருங்க. சமநிலை நிக்கிற இடம் எட்டுலயும் அரை அங்குலத்துக்குள்ள ஒண்ணா இருக்கணும். இல்லைன்னா ஒரு பிள்ளை தினமும் தப்பு பண்ணும், பாவம், தப்பு கட்டையோடதா இருக்கும். எட்டுப் பேருக்குப் பத்துக் கட்டை, ரெண்டு உபரிக்கு.

ட்ரில்புத்தகம்
ஒரே ஷோவை ரெண்டு இடத்துலயும் ஆடறதுல எனக்கு ஒப்புதல் இல்லைங்க. ஆகஸ்ட் 15 மைதானத்துல போலீசும் என்சிசியும் ஆயுத அணிவகுப்பு பண்ணிட்டுப் போயிருப்பாங்க. அந்த டிரில்ல ரைஃபிளைக் கீழ விடறது பெரிய குத்தம். கார்டுல கீழ விழுந்தா எடுத்துட்டு ஆடறது சாதாரணம். அந்த மண்ணுலயே பத்து நிமிஷம் கழிச்சு ரைஃபிள் மாதிரி ஒண்ணைத் தூக்கி எறிஞ்சு விளையாடுனா, நாம என்ன நெனைச்சு ஆடுனாலும் பாக்கறவங்களுக்குக் கிண்டலாத் தெரியும். மேடைக்கு நேரா மூக்கு திரும்புனா அதுவும் பேச்சாயிரும்.

கூடவே ஒண்ணு: சுத்தற கொடி எதுவும் மூவர்ணமா இருக்கக் கூடாது. தேசியக் கொடி தரையில படவே கூடாதுன்னு 2002 கொடி விதித் தொகுப்புல இருக்கு. நிறத் துணி மட்டும்.

வெள்ளைடேப்
அதுக்குத்தான் சொல்ல வந்தேன். வேணுங்கறது நீளம், கனம், ஒரு பக்கம் அகலம், இந்த மூணும்தான். துப்பாக்கி உருவம் இல்லைங்க. வெளிநாட்டுலயே ஏர்பிளேடுன்னு வளைஞ்ச பட்டை ஒண்ணு ரைஃபிள் இருந்த இடத்துல ஆடறாங்க. போல்ட்டு, குழல் மாதிரி நீட்டல், தோள்வார், எல்லாத்தையும் எடுத்துட்டு அடிக்கட்டையோட சாய்வை மட்டும் வெச்சுக்கங்க. கலப்பை மேழியாட்டம் ஒரு வளைவு வரும். புடிக்கிற இடம், சுத்து, சத்தம் எல்லாம் அதேதான். பழைய பாடத்தை ஒரு வரி மாத்த வேண்டியதில்லை. வார் போனதும் கனம் மாறும், டேப்புல சரி பண்ணிக்கலாம்.

கம்புசுத்தி
மேழி சரிங்க. நம்மாளுக வளைவை இன்னுஞ் சித்த கூட்டி அரிவாளாக்கிராமப் பாத்துக்கங்க.

நொய்யல்கரை
நன்றிங்க. அப்ப ரெண்டு இடத்துக்கும் மேழி வடிவம், ரைஃபிள் கிடையாது. ஆகஸ்ட் 15ல கொடி டாஸ் இல்லை, கட்டைக்கு மட்டும் ரெண்டு கவுன்ட் டாஸ். ஸ்போர்ட்ஸ் டேயில பெரிய பிள்ளைக மூணு கவுன்ட். மூக்குப் பக்கம் அகலம் எவ்வளவு வெக்கறது?

பேட்டர்ன்கடை
மூக்கு ஒன்றரை அங்குலம், அடிப்பக்கம் நாலு அங்குலம். கழுத்து பிள்ளைக கைக்கு அடங்கணும், அதை அளந்துட்டு அப்பறம் டெம்ப்ளேட் வெட்டுங்க.