ஜிஏ4-ல ஒண்ணு, சர்ச் கன்சோல்ல ஒண்ணு… எதை நம்புறது? (அவசரம்)

கீற்று88
வணக்கம். கூகுள் தேடல்ல இருந்து என் சைட்டுக்கு வந்ததை எண்ணுற சர்ச் கன்சோல்ல 4,180 கிளிக். சைட்டுக்குள்ள வந்தவங்களை எண்ணுற ஜிஏ4-ல (கூகுள் அனலிட்டிக்ஸ்) 2,390 தான். ஹோஸ்டிங்ல இருக்கிற, சர்வர் லாக்கை (வந்த ஒவ்வொரு கோரிக்கையோட பதிவை) வச்சு எண்ணுற ஆஸ்டாட்ஸ் 19,000-க்கு மேல காட்டுது. மூணுல எது உண்மை? விளம்பரதாரருக்கு நாளைக் காலையில ரிப்போர்ட் அனுப்பணும். சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.

வலைத்துளி
எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை? 2,390 யூசரா, செஷனா (ஒரு தடவை வந்து போறது)? மொத்தமா, கூகுள் / ஆர்கானிக் (விளம்பரமில்லாத கூகுள் தேடல்) மட்டுமா? 19,000 விசிட்டா, ஹிட்டா? ஹிட்டுன்னா ஒவ்வொரு படமும் ஒவ்வொரு சிஎஸ்எஸ் ஃபைலும் தனி ஹிட். சைட் எதுல ஓடுது?

தேன்கூடு
ஆட் பிளாக்கர். வேற ஒண்ணுமில்ல. பிரேவ், யூபிளாக் ஆரிஜின் ரெண்டுமே ஜிஏ டேகை, அதாவது பக்கத்துல இருந்து எண்ணி அனுப்புற ஸ்கிரிப்டை, ஓடவே விடாது. சர்ச் கன்சோல் கூகுள் பக்கத்துலயே எண்ணுது, அதை யாரும் தடுக்க முடியாது.

சர்வர்சாமி
மாசத்துக்கு நாலு பேர் இதே கேள்வி. மேல தேடல் பெட்டின்னு ஒண்ணு இருக்கு தம்பி, அழகுக்கு வைக்கல. கிளிக் வேற, செஷன் வேற, விசிட் வேற. படியில அளந்ததையும் தராசுல நிறுத்ததையும் பக்கத்துல வச்சுட்டு ஏன் ஒத்துவரலன்னா? சர்வர் லாக் தான் நிஜம். மத்ததெல்லாம் கணிப்பு.

நெல்லைக்காரன்
டைம் ஸோன் பாருங்க. சர்ச் கன்சோலோட தினசரிக் கணக்கு பசிபிக் நேரம். நம்ம நேரத்துக்கும் அதுக்கும் கோடையில 12.30 மணி, குளிர்காலத்துல 13.30 மணி வித்தியாசம். ஜிஏ4 நீங்க பிராப்பர்ட்டி செட்டிங்ல வச்ச நேரம்.

வலைத்துளி
@நெல்லைக்காரன் ஒரு நாளை ஒரு நாளோட ஒப்பிட்டா அது பெரிய விஷயம். 28 நாள் எடுத்தா ரெண்டு ஓரத்துல மட்டும் தான் உதைக்கும். 43 சதவீதம் குறையாது.
@தேன்கூடு மொபைல்ல குரோம் தான் அதிகம், அதுல எக்ஸ்டென்ஷனே போட முடியாது. பிளாக்கர் கொஞ்சம் தின்னும், இவ்வளவு தின்னாது.

அளவுகோல்
@சர்வர்சாமி லாக் நிஜம் தான், ஆஸ்டாட்ஸ் நிஜமில்ல. அது போட்டை (தானா வந்து படிக்கிற புரோகிராம்) யூசர் ஏஜென்ட் (வர்றது தன்னைச் சொல்லிக்கிற பேரு) பட்டியல் வச்சுத் தான் பிரிக்குது. குரோம்னு பொய் சொல்லி வர்ற ஸ்கிரேப்பர் எல்லாம் அதுல மனுஷன். புது விசிட்டா எண்ண வேண்டிய இடைவெளி அதுல 60 நிமிஷம், ஜிஏ4-ல வழக்கமா 30. ஆளை அடையாளம் காண ஐபி. மொபைல் நெட்ல ஒரே ஐபிக்குப் பின்னால எத்தனை பேர்னு யாருக்குத் தெரியும்?

சர்வர்சாமி
பிழை பட்டியல்ல, லாக்ல இல்ல. பட்டியலை அப்டேட் பண்ணுங்க.

அளவுகோல்
பட்டியலை எத்தனை அப்டேட் பண்ணாலும் பொய்யான யூசர் ஏஜென்ட் பொய் தான். முன்னால கிளவுட்ஃபிளேர் (சைட்டுக்கு முன்னால நிக்கிற இடைச் சர்வர் சேவை) இருந்து, சர்வர்ல அசல் ஐபியை மீட்கிற செட்டிங் இல்லன்னா, லாக் முழுக்க கிளவுட்ஃபிளேர் ஐபி தான் நிக்கும். அதையும் நிஜம்பீங்களா?

சர்வர்சாமி
அது நிறுவினவன் தப்பு.

கீற்று88
மன்னிக்கணும். ஜூன் 1 முதல் 28 வரை. செஷன், கூகுள் / ஆர்கானிக் மட்டும். ஆஸ்டாட்ஸ்ல விசிட். வேர்ட்பிரஸ். மே கடைசியில ஸ்பீட் ஸ்கோர் கம்மின்னு கேச் பிளகின் (பக்கத்தைச் சேமிச்சு வச்சு வேகமாத் தர்றது) போட்டேன், அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லன்னு நினைக்கிறேன்.

வலைத்துளி
இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்! அந்த பிளகின்ல “டிலே ஜாவாஸ்கிரிப்ட்” ஆன்ல இருக்கா? இருந்தா வந்தவர் ஸ்க்ரோல் பண்ற வரை, இல்ல தொடுற வரை டேகே லோட் ஆகாது. வந்து, முதல் திரையில பதிலைப் படிச்சுட்டுத் திரும்பினவர் ஜிஏ4 கணக்குல பிறக்கவே இல்ல.

சோதிக்க: இன்காக்னிட்டோ விண்டோ, எஃப்12, நெட்வொர்க் டேப், ஃபில்டர்ல “collect”-ங்கிற வார்த்தையை ஆங்கிலத்துல அடிங்க. ஒரு பதிவைத் திறந்துட்டு மவுஸைத் தொடாம பத்து விநாடி இருங்க. ஒண்ணும் வரலயா? இப்ப ஸ்க்ரோல் பண்ணுங்க. உடனே வந்தா இது தான் திருடன். பிளகின்ல டிலே விலக்குப் பட்டியல்னு ஒரு பெட்டி இருக்கும். ஜிடேக் (ஜிஏ4 டேகோட ஸ்கிரிப்ட்), கூகுள் டேக் மேனேஜர் ஸ்கிரிப்ட் ரெண்டையும், பக்கத்துக்குள்ளயே இருக்கிற ஜிடேக் துண்டையும் அதுல சேர்த்து, கேச்சை முழுசா அழிச்சுட்டு மறுபடி பாருங்க.

ஜூன்ல போனது போனது தான், ஜிஏ4-ல பின்னால ஏத்த முடியாது. ரிப்போர்ட்ல தேடலுக்கு சர்ச் கன்சோல் கிளிக்கையே போட்டு, டேக் தாமதமானதை ஒரு வரியில எழுதிடுங்க. ஆஸ்டாட்ஸ் எண்ணை அனுப்பாதீங்க. அதுல எல்லா வழியா வந்தவங்களும் போட்டும் சேர்ந்திருக்கு.

அளவுகோல்
கூடவே ஒண்ணு: சர்ச் கன்சோல்ல டொமைன் பிராப்பர்ட்டியா? அப்படின்னா எல்லா சப்டொமைனும் சேரும். பிடிஎஃப் கிளிக்கும் சேரும், பிடிஎஃப்ல டேக் ஓடாது. பேஜஸ் டேப்ல பிடிஎஃப்னு ஃபில்டர் போட்டு எத்தனைன்னு கழிச்சுப் பாருங்க.

கீற்று88
ஸ்க்ரோல் பண்ணதும் தான் வந்துது. விலக்குல சேர்த்தாச்சு, இப்ப உடனே வருது. நன்றி.

அளவுகோல்
பிடிஎஃப் எத்தனை இருந்துது?

மின்மினி_பா
எனக்கு நேர் எதிர். கிளிக்கை விட ஜிஏ4 பேஜ் வியூ சரியா ரெண்டு மடங்கு.

வலைத்துளி
முதல்ல வியூவை விட்டுட்டு செஷனோட ஒப்பிடுங்க. ஒரே செஷன்ல நாலு பக்கம் பார்ப்பாங்க. ஆனா “சரியா ரெண்டு மடங்கு”ன்னா சந்தேகம் தான்: தீம்ல ஒரு டேக், டேக் மேனேஜர்ல இன்னொண்ணு இருக்கும். அதே collect ஃபில்டர். ஒரு பக்கத்துக்கு பேஜ் வியூ ரெண்டு தடவை போனா, ஒண்ணை எடுத்துடுங்க.

சர்வர்சாமி
லாக்ல இந்தப் பிரச்சினையே வராது.