சைவ பஃபே: கொடுக்கிற காசுக்கு நியாயமா, இல்லையா?

பசித்தவன்:
ஆளுக்கு 399 ரூபாய். 5% ஜிஎஸ்டி சேர்த்தால் 419. சூப், சாட், சுடச்சுடத் தோசை, பனீர் இரண்டு வகை, பொரியல், கூட்டு, சாதம், ரசம், தயிர்சாதம், கடைசியில் குலாப் ஜாமூனும் ஐஸ்கிரீமும். அதே இடத்தில் மெனு பார்த்து ஒரு பனீர் பட்டர் மசாலாவும் இரண்டு நானும் சொன்னாலே பில் கிட்டத்தட்ட அங்கே வந்துவிடுகிறது. குடும்பத்தோடு வெளியே போய் விலைப்பட்டியலைப் பார்த்துப் பயப்படாமல் சாப்பிட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. இங்கே பலர் பஃபே என்றாலே ஏமாற்று என்கிறார்கள். எப்படி என்று சொல்லுங்கள்.

இலைபோடு:
நான் சொல்கிறேன். என் அம்மா ஒரு தோசை, இரண்டு கரண்டி ரசம் சாதம், அவ்வளவுதான் சாப்பிடுவார். அவருக்கும் 419, நாலு தட்டு எடுக்கிற தம்பிக்கும் 419. குறைவாகச் சாப்பிடுகிறவர்தான் நிறையச் சாப்பிடுகிறவருக்கும் சேர்த்துப் பணம் கட்டுகிறார். பஃபே கணக்கே அதுதான்.

அப்புறம் அடுக்கி வைத்திருக்கிற வரிசையைப் பாருங்கள். முதலில் சூப், பக்கோடா, பானிபூரி, நூடுல்ஸ். எல்லாம் உருளைக்கிழங்கும் மைதாவும் எண்ணெயும். பனீர் இருக்கிற இடத்துக்குப் போய்ச் சேருவதற்குள் வயிறு நிரம்பிவிடும். அதில் பாதி விலைக்கு இலைச் சாப்பாடு கிடைக்கிறது. உட்கார்ந்த இடத்துக்குச் சாம்பார் வாளி வருகிறது. கேட்டுக் கேட்டுப் போடுகிறார்கள்.

பசித்தவன்:
வரிசைப்படிதான் சாப்பிட வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லையே. தட்டை எடுக்கும் முன் ஒரு சுற்று நடந்து பார்த்துவிட்டு வேண்டியதை எடுங்கள். என் மாமனாருக்குச் சர்க்கரை. இலைச் சாப்பாட்டில் அவர் சாதத்தை ஒதுக்கினால் மிச்சம் என்ன இருக்கும்? இரண்டாவது முறை பொரியல் கேட்டால் முகம் சுளிக்கிற கடைகளும் உண்டு. பஃபேயில் சுண்டலும் காய்கறியும் மட்டுமே எடுத்து வயிறாரச் சாப்பிடுகிறார். அவர் தட்டை யாரும் பார்ப்பதில்லை.

கேட்டரிங்காரன்:
சமையல் கான்ட்ராக்ட் தொழிலில் இருப்பவன் என்பதால் ஒன்று சொல்ல வேண்டும். விலை குறைவாக இருப்பது ஏமாற்றுவதால் அல்ல. ஒரே சமையலைப் பெரிய அளவில் செய்கிறோம், பரிமாற ஆள் குறைவு, ஆர்டர் எடுத்துத் தனித்தனியாகச் செய்கிற வேலை இல்லை. மிச்சமாகிற செலவு அதில்தான்.

நீங்கள் இருவரும் பேசாத விஷயம் சூடு. சமைத்த உணவு பரிமாறும் வரை 60 டிகிரி செல்சியசுக்கு மேல் இருக்க வேண்டும், குளிர்ந்தது 5 டிகிரிக்குக் கீழே, அறைச் சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் எதுவும் கிடக்கக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அடிப்படை விதி இது. பஃபே மேசையில் அடியில் வெந்நீர் வைத்த பாத்திரம் இருக்கிறதே, அது சூட்டைக் காக்கும், அவ்வளவுதான். ஆறிப்போனதை அதில் வைத்தால் மறுபடி ஒழுங்காகச் சூடேறாது.

சைவம்தானே, என்ன ஆகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு: சாதத்திலேயே ஆபத்து உண்டு. பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிக்க வைத்தாலும் சாகாது. சாதம் வெதுவெதுப்பாகவே கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். வாந்தியை வரவழைக்கும் அந்த நஞ்சு, திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. தேங்காய்ச் சட்னியும் தயிர்ப் பச்சடியும் வெயில் காலத்தில் இன்னும் சீக்கிரம் கெடும்.

அதனால் கடை திறந்த அரை மணிக்குள் போங்கள். மூடியைத் திறந்தால் ஆவி வருகிறதா என்று பாருங்கள். சின்னப் பாத்திரங்களில் வைத்து அடிக்கடி மாற்றுகிற இடம் நல்ல இடம். பழைய சாம்பார் மேலேயே புதுச் சாம்பாரை ஊற்றுகிறார்கள் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

தாமரை:
வீணாவதைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. 2022-ல் உலகம் முழுக்க 105 கோடி டன் உணவு வீணானது, அதில் 29 கோடி டன் உணவகம் போன்ற இடங்களில் என்று ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கை சொல்கிறது. அளவில்லாமல் எடுக்கலாம் என்றதும் தட்டில் மலை மாதிரி குவித்து, பாதியைக் கொட்டுகிறோம். மீதம் வைத்தால் அபராதம் என்று போர்டு வைக்கிற கடைகளை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன்.

பசித்தவன்:
அபராதம் எனக்குச் சரியாகப் படவில்லை, தாமரை. ஐந்து வயதுக் குழந்தை வைத்த மீதத்துக்கும் பணமா? தட்டைச் சின்னதாக்கினால் போதும். இரண்டாவது முறை எழுந்து போக வேண்டும் என்றாலே பாதிப் பேர் அளவோடு எடுப்பார்கள்.

தாமரை:
குழந்தைக்கு எடுத்துப் போட்டது பெற்றோர்தானே.

இலைபோடு:
அபராதத்தை விடுங்கள், என் கோபம் வேறு. போன மாதம் ஒரு பஃபேயில் பில்லில் 10% சர்வீஸ் சார்ஜ் சேர்த்திருந்தார்கள். தட்டு எடுத்தது நான், நடந்தது நான், தண்ணீர்கூட நானே பிடித்தேன்! என்ன சர்வீஸ்?

கேட்டரிங்காரன்:
அதைக் கட்டத் தேவையில்லை சார். உணவகங்கள் சர்வீஸ் சார்ஜைத் தாமாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அது செல்லும் என்றது. எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

இலைபோடு:
நன்றி. அடுத்த முறை கேட்கிறேன். ஆனால் பசித்தவன், என் முதல் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. குழந்தைகளுக்குப் பாதி விலை போடத் தெரிந்த கடைக்காரருக்கு, குழந்தை அளவே சாப்பிடும் பெரியவர்களுக்கு மட்டும் ஏன் முழு விலை?

பசித்தவன்:
அது நியாயமான கேள்விதான். அதைக் கடையில் கேட்க வேண்டும், பஃபேயே வேண்டாம் என்று சொல்ல அது காரணமில்லை. நான் ஞாயிற்றுக்கிழமை போகும்போது மேலாளரிடம் கேட்டுவிட்டு இங்கே எழுதுகிறேன்.