பத்தாவது படிக்கும் பிள்ளைக்கு டீயும் வடாபாவும் போதுமா?

மாட்டுங்கா டியூஷன் சார்:
என்னிடம் காலை ஆறரை மணி டியூஷனுக்கு மும்பை தாராவியிலிருந்து வரும் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப்பேர் வெறும் டீயோடு வருகிறார்கள். சாயங்காலம் வடாபாவ் (பன்னுக்குள் உருளைக்கிழங்கு வடை), சிப்ஸ். இதற்குக் காரணம் வறுமை இல்லை, வீட்டில் கவனிப்பு இல்லாததுதான். அந்த வடாபாவ் காசில் இரண்டு முட்டை வாங்கலாமே!

தொண்ணூறடி ரோடு செல்வி:
அண்ணா, அந்த முட்டையை யார் வேகவைப்பது? எங்கள் குழாயில் விடியற்காலையில் இரண்டு மணி நேரம்தான் தண்ணீர். நான் ஆறு மணிக்கு வீட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவேன். குடம் தூக்குவது என் மகள். அவள் எப்போது உட்கார்ந்து சாப்பிடுவாள்? எட்டாவது வரை பள்ளியில் கிச்சடி கொடுத்தார்கள், ஒன்பதாவது போனதும் அதுவும் நின்றுவிட்டது. தமிழ்நாட்டில், ஊரில் என் தங்கை மகளுக்குப் பத்தாவது வரை சத்துணவு, முட்டையோடு. இங்கே மட்டும் பதினாலு வயசோடு பசி நின்றுவிடுமா?

மாட்டுங்கா டியூஷன் சார்:
பள்ளிச் சாப்பாட்டில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் எங்கள் அம்மா எட்டுப் பேருக்குச் சமைத்து வைத்துவிட்டுத்தான் பூ வியாபாரத்துக்குப் போனார்.

சயான் சிஸ்டர்:
சார், அந்த எட்டுப் பேரில் உங்கள் அம்மா கடைசியாக என்ன சாப்பிட்டார் என்று யாராவது பார்த்தீர்களா? நான் இருபது வருடமாக நர்ஸ். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை, பையன்களில் 31. மாதவிலக்கு ஒரு காரணம்தான். ஆனால் ஒரே வீட்டில், ஒரே சம்பளத்தில், கறித்துண்டு யார் தட்டில் விழுகிறது என்பதும் காரணம். பள்ளியில் வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், அதனால் பிள்ளைகள் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். சாப்பாட்டோடு டீ குடித்தால் உணவில் இருக்கும் இரும்பும் உடம்பில் சரியாக ஒட்டாது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கச் சொல்லுங்கள். எலுமிச்சை பிழிந்த சுண்டல் கொடுங்கள்.

தொண்ணூறடி ரோடு செல்வி:
நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் ஓடவில்லை, சிஸ்டர். எங்கள் வீட்டிலும் மீன் நடுத்துண்டு பையனுக்குத்தான். போடுவது நான்தான். மகள் கேட்டதே இல்லை, நானும் யோசித்ததே இல்லை. சுண்டலுக்கு ராத்திரியே ஊறப்போடுகிறேன். அண்ணா, உங்கள் டியூஷனை அரைமணி தள்ளி வைத்தால் அவள் தின்றுவிட்டு வருவாள்.

மாட்டுங்கா டியூஷன் சார்:
ஏழு மணிக்கு வைக்கிறேன், அம்மா. மற்ற பிள்ளைகள் வீட்டிலும் கேட்கிறேன். ஆனால் கையில் காசு கொடுத்து அனுப்புவதை நிறுத்துங்கள். அதில் நான் மாறவில்லை.