டொமட்டிலோ சல்சா கசக்கிறது, எங்கே தப்பு செய்தேன்?

கேள்வி:
முதல்முறையாக டொமட்டிலோ (காகிதம் மாதிரி உறைக்குள் இருக்கும், தக்காளி போன்ற பச்சைக் காய்) வாங்கினேன், அரை கிலோ. மெக்சிகோக்காரர்களின் சல்சா வெர்தே என்ற பச்சைச் சட்னி செய்ய ரொம்ப நாள் ஆசை. பெரிய காய்களாகப் பார்த்துப் பொறுக்கினேன். மேலுறையை உரித்தால் கையெல்லாம் பிசுபிசு. அழுகத் தொடங்கிவிட்டதோ என்று பயந்து நாலைந்தைத் தூக்கிப் போட்டுவிட்டேன். மீதியை வேகவைத்தால் எல்லாம் வெடித்துத் தண்ணீரோடு கரைந்துவிட்டது. அரைத்துப் பார்த்தேன்: ஒரே புளிப்பு, அடியில் ஒரு கசப்பு. எப்படிப் பார்த்து வாங்குவது, எப்படிச் சமைப்பது?

பதில் 1:
அடடா, நீங்கள் தூக்கிப் போட்டது நல்ல காய்கள்தான். அந்தப் பிசுபிசுப்பு எல்லா டொமட்டிலோவிலும் உண்டு. வெதுவெதுப்பான தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள், போய்விடும். கழுவாமல் வேகவைத்தீர்களா? அப்படியென்றால் கசப்பு அதிலிருந்துதான்.

வாங்கும்போது உறையை ஓரமாக விலக்கிக் காயைத் தொட்டுப் பாருங்கள். கெட்டியாக, உறை முழுக்க அடைத்துக்கொண்டு இருக்க வேண்டும். உறை வெடித்திருந்தால் தயங்க வேண்டாம், காய் பெருத்து அதைக் கிழித்திருக்கும். உள்ளே கோலிக்குண்டு மாதிரி ஆடினால் இன்னும் விளையவில்லை. பெரிய காய் தேடாதீர்கள்; சிறியவற்றில்தான் சுவை அதிகம் என்பது என் அனுபவம்.

அப்புறம், நான் வேகவைப்பதே இல்லை. எண்ணெய் விடாமல் இரும்புக் கல்லில் போட்டுத் திருப்பித் திருப்பிச் சுடுவேன். மெக்சிகோவில் இதற்கென்றே கொமால் என்ற தட்டையான கல் இருக்கிறது. தோலில் அங்கங்கே கருப்புப் புள்ளி விழுந்து, பளிச்சென்ற பச்சை மங்கிக் காய் தளர்ந்ததும் எடுத்துவிட வேண்டும். அதே கல்லில் பூண்டு, பச்சை மிளகாய். வெங்காயம், கொத்தமல்லித் தழை, உப்பு சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்தால் போதும். சுட்ட காயில் புளிப்பு அடங்கி ஒரு இனிப்பு எட்டிப் பார்க்கும். அந்த இனிப்புக்காகவே எனக்கு இந்தக் காயை இவ்வளவு பிடிக்கும்.

பதில் 2:
வேகவைப்பதும் தப்பில்லை, கொதி மட்டும் அடங்கியே இருக்க வேண்டும். நிறம் மாறியதும் அடுப்பை அணைத்துவிட்டால் வெடிக்காது. சல்சா ஆறியதும் கூழ் மாதிரி இறுகும். காயில் பெக்டின் (ஜாமை இறுக வைக்கும் பொருள்) அதிகம், கெட்டுப்போனதாக நினைத்துவிட வேண்டாம். கொஞ்சம் தண்ணீர் விட்டால் சரியாகும்.

பதில் 3:
ஒரு எச்சரிக்கை. மெக்சிகோவில் பல இடங்களில் இதை 'தோமாத்தே வெர்தே' என்பார்கள், அதாவது பச்சைத் தக்காளி. அதை நம்பி நான் ஒருமுறை காய்த்தக்காளியில் செய்தேன், சுவை சேரவே இல்லை. டொமட்டிலோ சொடக்குத் தக்காளியின் இனம்.

கேள்வி கேட்டவர்:
கழுவவே இல்லை, அதுதான் விஷயம்! இன்று புதிதாக 6 காய் வாங்கி, நன்றாகக் கழுவிக் கல்லில் சுட்டேன். கசப்பு துளியும் இல்லை. அடுத்த முறை கூடுதலாக வாங்கினால் எப்படி வைப்பது?

பதில் 1:
உறையோடு காகிதப் பையில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள், இரண்டு வாரம் தாங்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் உரித்துக் கழுவித் துடைத்து, முழுதாகவே ஃப்ரீசரில்.