ரெய்ஷி காளான் தூள் எங்கே வாங்கலாம்?

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கத்துப் பாமசிகளில் பீட்டா குளுக்கன் (காளானில் இருக்கிற ஒரு நார்ச்சத்து) வீதம் லேபலில் போட்ட ரெய்ஷி தூள் கிடைக்குதா? 'பொலிசக்கரைட்' (கூட்டுச் சர்க்கரைகளுக்குப் பொதுப் பெயர்) என்று மட்டும் போட்டது வேண்டாம். மாச்சத்தும் அந்தக் கணக்கில் ஏறிவிடும். தானியத்தில் வளர்த்த பூஞ்சண இழையைத் தானியத்தோடேயே அரைத்து விற்கிறாங்க, அந்த மாச்சத்து அப்படித்தான் வருது.

கையில் டப்பா இருக்கிறவங்க ஒருக்கா பார்த்துச் சொல்லுங்க: கால் தேக்கரண்டித் தூளைக் கொதிநீரில் கலக்கி, நன்றாக ஆறவிட்டு, இரண்டு சொட்டு அயடீன் விடுங்க. கருநீலமானால் மாச்சத்து கலந்திருக்கு. சூட்டோடு விட்டால் நிறம் பிடிக்காது. ரெய்ஷி என்றால் கசக்கவும் வேணும். கசப்பே இல்லாத தூளை நான் நம்பமாட்டேன்.

இரத்தம் உறையாமலிருக்க வோபரின், அஸ்பிரின் எடுக்கிறவங்க டொக்டரிடம் கேட்காமல் தொடாதீங்க, இரத்தக்கசிவு கூடலாம். புற்றுநோய் மாறும் என்று விற்கிற ஆட்களின் நம்பர் எனக்கு வேண்டாம். லேபல் படம், விலை, காலாவதித் திகதி போட்டால் போதும்.